தொண்டைக்கு ஒரு பங்கு

ஆடி மாதத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் குப்பம்மாளின் கறுப்பு ஆடு டவுன் பஸ்ஸில் வந்து பனைத்துறை நிறுத்தத்தில் இறங்கியது. முன்னால் நின்ற கீரைக்காரிக்கு வழி விட்டு, படியைப் பார்த்துக் கால் வைத்து இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, நேராகக் குப்பம்மாள் வீட்டு வாசலுக்குப் போய் நின்று ஒரே ஒரு தடவை கத்தியது. டிக்கெட் கேட்டீர்களா என்று கண்டக்டரிடம் விசாரித்தபோது, அது நின்றுகொண்டேதான் வந்தது, சீட்டில் உட்காரவில்லை, அதனால் கேட்கவில்லை என்றார். ஊரும் அது நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆடு தொலைந்து நான்கு நாளாகியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் பவளக்கொடி ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போய் அதைக் கூப்பிட்டிருந்தாள். கூப்பிட்டால் வரத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பவளக்கொடிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கடலோடு ஒட்டாத ஒரு தொழிலைப் பிடித்துக்கொண்டவள். அறிவிப்புச் சொல்வது அவள் தொழில். துணிக்கடைத் தள்ளுபடி, சர்க்கஸின் கடைசி மூன்று நாள், கண் சிகிச்சை முகாம், பாத்திரக்கடைத் திறப்பு விழா, எதுவானாலும் இருதயராஜின் ஆட்டோ தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு சுற்றுவட்டம் நாற்பது ஊருக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். தொண்டைக்கு ஆகாதென்று புளிப்பைத் தொட மாட்டாள், ஐஸ் தண்ணீர் குடிக்க மாட்டாள். விடிந்ததும் ஈர மணலில் நடந்துகொண்டே, ஒரு மூச்சுக்கு எத்தனை அலை வரைக்கும் சொல்ல முடிகிறது என்று பழகுவாள். பதினாறு வருடம் அப்படிப் பழகி, மூன்று அலையில் ஆரம்பித்தது ஒன்பது அலையில் வந்து நின்றிருந்தது.

ஆட்டைக் கூப்பிடுவதற்கு முன்னால்கூடக் குப்பம்மாள் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஆடு எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கும், கஞ்சித் தண்ணியில் உப்புப் போட்டால் குடிக்குமா, கோபம் வந்தால் யாரை முட்டும் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மைக்கைப் பிடித்தாள். பேசியது என்னவோ இரண்டே நிமிஷம். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி, கத்தாமல், அவசரப்படாமல் கூப்பிட்டாள். ஆடு வந்த பிறகு மறுபடி மைக்கை எடுத்து, தணிந்த குரலில், "வந்துட்டே. போதும். இனிமே உன் இஷ்டம்" என்று சொல்லி முடித்தாள். கூப்பிட்ட எதையும் முடித்து வைக்காமல் விடக் கூடாது என்பது அவள் வைத்திருந்த வழக்கம். ஆடு கிடைத்த சந்தோஷத்தில் அதை யார் கவனித்தார்கள்?

ஆட்டுக்கு அடுத்தது சிங்காரவேலுவின் ஃபைபர் போட். புயலில் கயிறு அறுத்துக்கொண்டு போன போட்டை, நீலக் கலர், பக்கத்தில் மஞ்சள் கோடு, முகப்பில் ஒரு கண் வரைந்து மறு கண் வரைய மறந்தது என்று அடையாளம் சொல்லி அவள் கூப்பிட, மூன்றாம் நாள் மத்தியானம் அது ஆளில்லாமல், நீரோட்டத்துக்கு எதிராக, வலையை மடித்து வைத்தபடி வந்து கரையில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு என்னத்தைச் சொல்ல, ரேஷன் கார்டு வந்தது, பல்செட் வந்தது, கொலுசுத் திருகாணி மணலுக்குள்ளிருந்து மேலே வந்தது, கல்யாணமான மூன்றாம் மாதம் துபாய்க்குப் போய் ஏழு வருடம் பேச்சுமூச்சில்லாமல் இருந்த நாகமுத்து தலைமயிரில் சிமெண்ட் தூசியோடு வாசலில் வந்து நின்று, கூப்பிட்டியாமே என்று பெண்டாட்டியிடம் கேட்டான், ஓய்வு பெற்ற திருமேனி வாத்தியாருக்கு மறந்துபோயிருந்த பிள்ளைகளின் பெயரெல்லாம் வருகைப் பதிவேட்டு வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்து சேர்ந்தது. செத்தவர்களை மட்டும் கூப்பிட மாட்டேன் என்று பவளக்கொடி முதலிலேயே சொல்லிவிட்டாள். அந்த ஒரு விஷயத்தில் யாரும் அவளோடு மல்லுக்கு நிற்கவில்லை.

இரண்டு வருடத்தில் ஊர் நன்றாகவே பழகிப்போயிற்று. ஆட்டுக்குக் கயிறு வாங்குவதை நிறுத்தினார்கள். பஸ் நிறுத்தத்துக் கடைக்காரர் பூட்டு விற்கிறதில்லை என்று பூட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐஸ்கிரீம் பெட்டி வைத்தார். போட்டுக்கு நங்கூரம் போடுவது வயதானவர்களின் பழக்கம் என்றாகி, பதினொரு போட்டும் மாற்றி மாற்றித் தொலைந்து மாற்றி மாற்றி வந்தது. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கையை விட்டுவிட்டு, அதான் பவளம் இருக்காளே என்று நிதானமாக பஜ்ஜி தின்றார்கள். குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நாமும் அந்த ஊரில் இருந்திருந்தால் கயிறு வாங்கியிருக்க மாட்டோம்.

இதற்கெல்லாம் அவளுக்கு என்ன கொடுத்தார்கள்? ஆட்டோவுக்குப் பெட்ரோல் போட்டார்கள், அதில் குறை வைக்கவில்லை. மைக் செட்டுக்கு வாடகை கொடுத்தார்கள், பேட்டரிக்காரன் கேட்டதைக் கொடுத்தார்கள், இருதயராஜுக்குப் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்தார்கள். பவளக்கொடிக்கு என்ன என்று வருகிற நேரத்தில் மட்டும் எல்லோர் முகத்திலும் ஒரு பாசம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம்ம பொண்ணுதானே என்பார்கள். உனக்கென்ன, வாயைத் திறந்தா போதும் என்பார்கள். ரெண்டு வார்த்தைதானே பவளம் என்று கன்னத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். முதலில் அவளுக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது. ஒரு பிள்ளை அம்மாவைக் கட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு வந்த நாளில் அவளுக்குச் சோறே வேண்டியிருக்காது. ஆனால் பிள்ளைக்குப் பிறகு செருப்பு வந்தது, செருப்புக்குப் பிறகு டிவி ரிமோட் வந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கவும் இப்போது யாருக்கும் பொறுமையில்லை. துண்டுச் சீட்டில் எழுதி ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வருடம் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது டவுன் துணிக்கடை முதலாளி சிவஞானம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் கடை அறிவிப்பில்தான் அவளுடைய வருடத்துச் சாப்பாடு இருந்தது. காபி வாங்கிக் கொடுத்து, குடும்பமெல்லாம் விசாரித்துவிட்டு, இந்தத் தடவை கூலி என்று எதுவும் வேண்டாமே என்று இழுத்தார். ஆட்டுக்கும் மாட்டுக்கும் சும்மா சொல்கிறவள் தனக்கு மட்டும் காசு கேட்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். மாவட்டம் பூராவும் உன் குரல் கேட்கும், பேர் கிடைக்கும்மா என்றார்.

"பேரு எங்கப்பா வச்சுட்டாருங்க. அரிசிதான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அதே வாரம் தொண்டையில் மீன்முள் குத்தினாற்போல் ஒரு வலி. டவுனில் தொண்டை டாக்டரம்மா ஒருத்தி குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாண் இரண்டிலும் கேழ்வரகு அளவுக்கு முடிச்சு விழுந்திருக்கிறது என்று டிவி பெட்டியில் காட்டினாள். ஆறு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தால் கரையும், இப்படியே பேசிக்கொண்டிருந்தால் குரல் ஒரேயடியாகப் போய்விடும், பிறகு என்ன செய்தாலும் வராது என்றாள். பவளக்கொடியிடம் நிலம் கிடையாது, போட் கிடையாது, புருஷனும் கிடையாது; இருந்ததெல்லாம் அந்த ஒன்பது அலை மூச்சுதான். வீட்டுக்கு வந்தால் ஜன்னலுக்குக் கீழே பதினான்கு துண்டுச் சீட்டு கிடந்தது. ஒன்றில் குடை என்று மட்டும் எழுதியிருந்தது.

மறுநாளே வலை பின்னும் கொட்டகையில் பஞ்சாயத்துக் கூட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். ஊர்த் தலைவரான நாட்டார் தேசிங்கு வந்து நடுவில் உட்கார்ந்தார். அறுபத்தைந்து வயது, கெட்ட மனுஷன் இல்லை, ஊருக்கென்று ஓடி ஓடி உழைத்தவர். தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளாதவர் என்பதால் மற்றவர்களும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிற ஜாதி. பவளக்கொடி சுருக்கமாகச் சொன்னாள். இனிமேல் சும்மா கூப்பிட முடியாது, தொண்டை போய்க்கொண்டிருக்கிறது, இருக்கிற குரலுக்கு ஊர் ஒரு வழி சொல்ல வேண்டும்.

தேசிங்கு மெதுவாகத்தான் பேசினார். அது கடவுள் கொடுத்த குரல், அதை விற்பது பாவம் என்றார். காசு கை மாறினால் அந்தச் சக்தியே நின்றுபோனாலும் போகும், பிறகு யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்றார். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

"நிக்குமா நிக்காதான்னு யாராச்சும் ஒரு தடவை கொடுத்துப் பாத்தீங்களா பெரியப்பா?" என்றாள் பவளக்கொடி. யாரும் கொடுத்துப் பார்த்ததில்லை. அவள் விடவில்லை. "குரலு கடவுள் கொடுத்ததுதான். கடல்ல மீனை மட்டும் நீங்களா கொண்டுபோய் விட்டீங்க? அதுவும் அவரு கொடுத்ததுதானே. ஏலம் போடாம ஒரு மத்தி உங்க கையை விட்டுப் போகுமா?"

அதைக் கேட்டுப் பின்வரிசையில் ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரிப்பு வந்ததும் நாட்டாருக்குக் கோபம் வந்தது, நாட்டாருக்குக் கோபம் வந்ததும் கொட்டகைக்கே கோபம் வந்தது. ஊர்ச்சோறு தின்று வளர்ந்தவள் ஊருக்கே விலை சொல்கிறாள் என்றார்கள். அந்த நேரம் பார்த்துச் சிங்காரவேலு எழுந்து, இவள் எதற்கு, இவள் குரல்தான் நம்மிடம் இருக்கிறதே என்று செல்போனை எடுத்துக் காட்டினான். தன் போட்டைக் கூப்பிட்டதை அவன் பதிவு செய்து ரிங்டோனாகவே வைத்திருந்தான். பார்த்தால் பாதிப் பேர் செல்போனில் அவரவர் வீட்டு அறிவிப்பு இருந்தது. பவளக்கொடி அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எல்லாப் பதிவையும் ஒரே பென் டிரைவில் ஏற்றிக் கோயில் மைக் செட்டில் போட்டார்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தது. பவளக்கொடி அடுப்படியில் உட்கார்ந்து, தன்னுடைய குரல் தன்னைக் கேட்காமல் தெருத்தெருவாகப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன வருடத்துக் குரல், இருமல் வராத குரல், முடிச்சு விழாத குரல். அவளுக்குப் பொறுக்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுதாலும் தொண்டை நோகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் அதையும் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

குரல் வேலை செய்யத்தான் செய்தது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது எதைக் கூப்பிட்டிருந்ததோ அதைத்தான் மறுபடி கூப்பிட்டது. வீட்டில் படுத்திருந்த குப்பம்மாளின் ஆடு எழுந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வீட்டுக்கு வந்து கத்தியது. வந்த சூட்டில் மறுபடி போயிற்று. நாகமுத்து உள்ளிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து தெருமுனைக்கும், தெருமுனையிலிருந்து வாசலுக்குமாக வந்து வந்து, கூப்பிட்டியாமே என்று நாளெல்லாம் பெண்டாட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தான். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். கடலுக்குப் போயிருந்த பதினொரு போட்டும் அன்று காலை எட்டு மணிக்கு, வலை போட்டுக்கொண்டிருக்கும்போதே, சுக்கானைப் பிடித்திருந்தவன் பேச்சைக் கேட்காமல், எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வந்து படுத்துவிட்டதுதான் சிரிக்க முடியாத விஷயம்.

பதறிப்போய் மைக் செட்டை நிறுத்தினார்கள். நிறுத்தியும் பிரயோஜனமில்லை. செவ்வாய்க்கிழமை போனார்கள், கலங்கரை விளக்கம் கண்ணிலிருந்து மறைகிற இடம் வந்ததும் போட் திரும்பிக்கொண்டது. புதன்கிழமை இன்ஜினைக் கழற்றிவிட்டுத் துடுப்புப் போட்டார்கள். துடுப்புக்கும் அதே கதி. வியாழக்கிழமை பூசாரியை ஏற்றிக்கொண்டு போனார்கள். பூசாரியும் வாந்தியெடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஏலம் போட மீன் இல்லை, கூடைக்காரிகள் வெறுங்கூடையோடு நின்றார்கள், பத்து நாளில் பக்கத்து ஊரில் மீன் வாங்கித் தின்கிற அளவுக்கு வந்துவிட்டது பனைத்துறை. அப்போதுதான் குப்பம்மாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆடு வந்த அன்றைக்கு இவள் கடைசியில் ஏதோ மெதுவாகச் சொன்னாளே, அது எங்கே என்று கேட்டாள். எல்லோரும் செல்போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார்கள். எல்லாரிடமும் கூப்பிட்டது இருந்தது. முடித்து வைத்தது ஒருத்தரிடமும் இல்லை. தொலைந்த பொருள் வந்ததும் பதிவு செய்வதை நிறுத்திவிட்டு அதைக் கட்டிக்கொள்ள ஓடியிருந்தார்கள்.

இருதயராஜ்தான் முதலில் வந்து சொன்னான். "அக்கா, ஊரே கொட்டகையில உக்காந்திருக்கு. நீங்க வந்தாத்தான் அடுப்பு எரியும்." பவளக்கொடி முகத்தைக் கழுவி, புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். மன்னிப்புக் கேட்கிறவளாகவோ கேட்க வைக்கிறவளாகவோ அவள் போகவில்லை. ஏலத்துக்குப் போகிறவள் மாதிரிப் போனாள்.

அவள் கேட்டது இரண்டு. பனைத்துறையில் மீன்பாடு கரைக்கு வந்தால் பங்கு பிரிக்கிற முறை அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்: போட்டுக்கு ஒரு பங்கு, இன்ஜினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, பிறகு ஆளுக்கு ஒரு பங்கு. உயிரில்லாத இன்ஜினுக்கே பங்கு உண்டென்றால் ஊர் தொலைத்ததையெல்லாம் கொண்டுவந்து சேர்க்கிற தொண்டைக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றாள். அதற்குக் கொட்டகை முணுமுணுத்தது, ஆனாலும் மறுக்கவில்லை. அவர்களுக்குப் பழக்கமான கணக்கில் பேசினாள் அல்லவா, மறுக்க வாய் வரவில்லை.

இரண்டாவதுதான் முள்ளாகக் குத்தியது. போட்டை எல்லாம் முடித்து வைத்துவிட்டு ஆறு மாதம் வாய் திறக்க மாட்டேன், அந்த ஆறு மாதமும் பங்கு வர வேண்டும் என்றாள். கொட்டகை கொந்தளித்துவிட்டது. பேசினால் கொடுக்கலாம், பேசாமல் இருப்பதற்கும் பங்கா, இதென்ன கொள்ளை என்று சிங்காரவேலு குதித்தான்.

பவளக்கொடி அவனைப் பார்க்காமல் நாட்டாரைப் பார்த்துப் பேசினாள். குரல் கம்மியிருந்ததால் எல்லோரும் முன்னால் நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது. "பெரியப்பா, கடல்ல கயிறு சுத்திக் கை ஒடிஞ்சு வீட்ல கிடக்குறவனுக்குப் பங்கு நிறுத்துவீங்களா?"

"அதெப்படி நிறுத்துறது? ஊருக்காகப் போயில்ல ஒடிஞ்சுது."

"எனக்கும் ஊருக்காகத்தான் ஒடிஞ்சுது."

தேசிங்குவின் அப்பாவுக்கு ஒரு தடவை சுறா வெட்டி எட்டு மாதம் படுத்திருந்தபோது அவர் வீட்டுக்குப் பங்கு வந்தது. அதைத் தின்றுதான் அவர் வளர்ந்தார். சரி, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். சிங்காரவேலு இன்னும் ஏதோ சொல்ல வந்தவனை, முதலில் அந்த ரிங்டோனை அழி என்று அடக்கினார். அன்று அங்கேயே அத்தனை செல்போனிலிருந்தும் அவள் குரலை அழித்தார்கள். கடைசியாக அழித்தவள் குப்பம்மாள். அவளுக்கு எந்த பட்டன் என்று தெரியாததால் பவளக்கொடியே வாங்கி அழித்துக் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் அவள் கரையில் ஒவ்வொரு போட்டாகப் போய் உட்கார்ந்து, மூங்கில் கம்பு போல் காய்ந்து கிடந்த தொண்டையைச் சுக்குத் தண்ணியால் நனைத்து நனைத்து, வந்துட்டே, போதும், இனிமே உன் இஷ்டம் என்று சொல்லிக்கொண்டே போனாள். ஆட்டுக்கும் நாகமுத்துவுக்கும்கூடச் சொன்னாள். முதல் போட்டுக்குச் சொன்னது கரை முழுக்கக் கேட்டது. ஐந்தாவது போட்டுக்குச் சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. பதினொன்றாவதுக்குச் சொன்னது அந்தப் போட்டுக்கு மட்டும்தான் கேட்டது, ஆனாலும் அதற்குக் கேட்டுவிட்டது. பிறகு உதட்டை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் பதினொரு போட்டும் கலங்கரை விளக்கம் மறைகிற இடத்தைத் தாண்டிப் போய், சாயங்காலம் காலா மீனும் சங்கரா மீனும் நிறைத்துக்கொண்டு வந்தது.

அன்றிலிருந்து கரையில் பங்கு பிரிக்கும்போது மணலில் ஒரு குவியல் கூடுதலாக விழுந்தது. முதல் மாதம் அதைப் பார்த்து ஆளாளுக்குப் பெருமூச்சு விட்டார்கள். ஊர் திரும்பவும் கயிறு வாங்கியது, பூட்டு வாங்கியது, ஐஸ்கிரீம் பெட்டி கடையின் ஓரத்துக்குப் போயிற்று. முடிச்சுப் போட மறந்துபோனவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள். சிவஞானம் முதலாளி அந்தத் தீபாவளிக்கு வேறு குரல்கள் இரண்டை வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த தீபாவளிக்கென்று அப்போதே வெற்றிலைத் தட்டில் முன்பணத்தோடு அவள் வீட்டுக்கே வந்தார். அவள் தலையை மட்டும் ஆட்டி வாங்கி வைத்துக்கொண்டாள். பேசாத வீட்டில் முதலில் அவளுக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. போகப் போக, விடியற்காலையில் ஈர மணலில் வாயை மூடியபடி நடந்து, மூச்சை மட்டும் அலைக்கு அலை எண்ணினாள்.

ஐந்து மாதம் போய் மாசி மகம் வந்தது. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குப் பனைத்துறைக் கடலுக்கு வந்தன, சாமிக்குப் பின்னால் பத்தாயிரம் ஜனமும் வந்தது. காலை பதினொரு மணிக்கு, அலையோரத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே, நாட்டார் தேசிங்குவின் பேத்தியைக் காணோம். யாழரசி என்று பேர், நான்கு வயது, மஞ்சள் பாவாடை. கையைப் பிடித்திருந்த அவளுடைய அம்மா சாமியைப் பார்த்துக் கும்பிடக் கையை எடுத்தாள், அவ்வளவுதான்.

செய்தி பவளக்கொடிக்கு வந்தபோது அவள் யோசிக்கவில்லை. யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. இருதயராஜும் யாரும் சொல்லாமலே ஆட்டோவில் கூம்பைக் கட்டிவிட்டான். பிள்ளை எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கும் என்று அவளுக்குத் தெரியும், எதற்கு அடம் பிடிக்கும் என்று தெரியும். அவள் மடியில் தூங்கியிருக்கிறது. இன்னும் ஒரு மாதம் பாக்கி என்பதும் தெரியும், இப்போது உரத்துக் கூப்பிட்டால் முடிச்சு கிழிந்து இதுவே கடைசிக் கூப்பாடாகப் போகும் என்பதும் தெரியும். போனால் போகட்டும் என்று மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். இதுவரை கேட்டு வாங்கிக்கொண்டது ஊர். இது அவளாகக் கொடுப்பது. அந்த வித்தியாசம் அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு தேசிங்கு ஓடி வந்தார். மேல்துண்டு எங்கோ விழுந்திருந்தது, முகம் வெளிறியிருந்தது. சீக்கிரம் கூப்பிடு என்று சொல்லத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் வந்த வேகத்தில் மைக்கை அவள் கையிலிருந்து பிடுங்கி, சுவிட்சை அணைத்தார்.

"காயத்துல கிடக்குற ஆளை இந்த ஊர்ல யாரும் கடலுக்கு அனுப்புனதில்ல" என்றார். "என் பேத்தியா இருந்தாலும் அனுப்ப மாட்டேன். நாங்க தேடுறோம். நீ வாயை மூடு தாயி."

அவர் சொன்னது அவருக்கே எத்தனை பெரியது என்று அவர் கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. பவளக்கொடி மைக்குக்குக் கையை நீட்டினாள், அவர் கொடுக்கவில்லை. அதற்குள் சிங்காரவேலு கரையில் நின்றவர்களைக் கைதட்டிக் கூட்டிவிட்டான். கரைவலை இழுக்கிற மாதிரி இழுப்போம் என்றான். அது அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லாத வேலை. கூட்டத்துக்கு வடக்கே ஒரு கை, தெற்கே ஒரு கை என்று பிரிந்து, ஆளுக்கு ஆள் கை கோத்து, பனைத்துறையின் ஆணும் பெண்ணுமாக முந்நூறு பேர் மனித வலையாக நின்று, சாமியையும் மேளத்தையும் ராட்டினத்தையும் பத்தாயிரம் ஜனத்தையும் உள்ளே வைத்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஒவ்வொரு முகமாக வெளியே விட்டு, அடி அடியாக உள்ளே நெருக்கிக்கொண்டே வந்தார்கள். பவளக்கொடி குப்பம்மாளுக்கும் இருதயராஜுக்கும் நடுவில் கை கோத்து நின்றாள். இரண்டு வருடமாக எதையும் தேடிப் பழகாத ஊர் அன்று மத்தியான வெயிலில் கண்ணை அகல விரித்துத் தேடியது.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வலையின் மடி சுருங்கிச் சுருங்கி நாற்பது ஐம்பது பேராகக் குறைந்தபோது, ஊஞ்சல் பல்லக்குத் தூக்கும் கம்புகளுக்கு இடையில், மஞ்சள் பாவாடையை முதலில் பார்த்தவள் பவளக்கொடி. யாரோ கொடுத்த பொரியை ஒவ்வொன்றாக எண்ணி மணலில் வைத்துக்கொண்டிருந்தது பிள்ளை. யாழரசி என்ற பெயர் அடிவயிற்றிலிருந்து புறப்பட்டுத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒன்பது அலை மூச்சும் அதன் பின்னால் வந்து முட்டியது. அவள் உதட்டைக் கடித்து அதை விழுங்கினாள். விழுங்கிவிட்டு, தன் இரண்டு பக்கத்துக் கைகளையும் மேலே தூக்கினாள். அடுத்தவர்கள் தூக்கினார்கள், அதற்கடுத்தவர்கள் தூக்கினார்கள், சத்தமில்லாமல் அந்தத் தூக்கல் வலை முழுக்க ஓடி, எதிர்ப்புறத்தில் நின்ற தேசிங்குவின் கையையும் தூக்கிவிட்டது. அவர் ஓடி வந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பவளக்கொடி அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

மறுநாள் சாயங்காலம் கரையில் பங்கு பிரித்தார்கள். போட்டுக்கு, இன்ஜினுக்கு, வலைக்கு, தொண்டைக்கு, பிறகு ஆளுக்கு. தொண்டையின் குவியல் வழக்கமான இடத்தில், வழக்கமான அளவில் இருந்தது; ஒரு மீன் கூடவும் இல்லை, ஒரு மீன் குறையவும் இல்லை. பவளக்கொடி கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, யாருக்கும் நன்றி சொல்லாமல் வீட்டுக்குப் போனாள்.